மகள் தங்கிய ஆறு ஆண்டுகள்: ‘ஹியர்ஸ் லூசி’ டிவிடி தொகுப்பு

தொலைக்காட்சி நகைச்சுவையைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் லூசில் பால், டெசி ஆர்னாஸ் என்ற தம்பதியிடம் வந்து நின்றாக வேண்டும். 1951 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய அவர்களது ‘ஐ லவ் லூசி’யைப் பற்றி எழுத வேண்டியதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டது அதற்குப் பின்னால் வந்த, அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு தொடரின் டிவிடி தொகுப்பை. அந்தத் தம்பதியின் மகளும் மகனும் தாயுடன் சேர்ந்து நடித்த ‘ஹியர்ஸ் லூசி’ 1968 செப்டம்பர் 23 முதல் 1974 மார்ச் 18 வரை, ஆறு சீசன்களாக, 144 எபிசோடுகள் ஒளிபரப்பானது. இரவு உணவுக்குப் பிறகு நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று வரிசை மாறாமல் பார்த்து முடிக்க எனக்கு நான்கு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. முடித்தபோது, நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பார்த்த நிறைவைவிட, ஒரு பெண் பிள்ளை நடிகையாக வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்த நிறைவே பெரிதாக இருந்தது.

பெயர்களைப் பற்றி ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஆங்கிலத்தில் தாயின் பாத்திரப் பெயருக்கும் மகளின் பெயருக்கும் எழுத்தில் வேறுபாடு உண்டு. தமிழில் எழுதும்போது இரண்டும் ‘லூசி’ ஆகிவிடுகின்றன. எனவே தாயை லூசில் என்றும், மகளை லூசி என்றும், தாய் ஏற்ற பாத்திரத்தை லூசி கார்ட்டர் என்று முழுப் பெயராலும் குறிப்பிடுகிறேன். மகனுக்குத் தந்தையின் பெயரே வைக்கப்பட்டதால் அவர் டெசி ஜூனியர்.

கதை எளிமையானது. கணவனை இழந்த லூசி கார்ட்டர், கணவனின் அண்ணன் ஹாரிசன் கார்ட்டர் லாஸ் ஏஞ்சல்ஸில் நடத்தும் வேலைவாய்ப்பு நிறுவனத்தில் செயலாளராக இருக்கிறார். வீட்டில் கிம், கிரெய்க் என்று இரண்டு பிள்ளைகள். கிம்மாக லூசியும் கிரெய்காக டெசி ஜூனியரும் நடித்தார்கள். ‘ஹாரி பெரியப்பா’வாக வரும் கேல் கார்டன், 1940-களின் வானொலி நாட்களிலிருந்தே லூசிலுடன் நடித்தவர், கோபம் மெல்ல மெல்லத் தலைக்கேறி ஒரே உறுமலாக வெடிக்கும் அவருடைய நடிப்புக்கு ஈடாக இந்தத் தொகுப்பில் வேறொன்றும் இல்லை. தொடர் தொடங்கிய நாளில் லூசிக்கு வயது 17, டெசி ஜூனியருக்கு 15. அவர்களுடைய மாற்றாந்தந்தை கேரி மார்ட்டன்தான் நிர்வாகத் தயாரிப்பாளர். ஆக, படப்பிடிப்புத் தளத்தில் இருந்ததும் ஏறக்குறைய அதே குடும்பம்தான்.

இந்த இரு பிள்ளைகளும் எப்படித் தொலைக்காட்சிக்குள் வந்து சேர்ந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் தொகுப்பின் மதிப்பு இன்னும் கூடுகிறது. 1951 மார்ச்சில் ‘ஐ லவ் லூசி’யின் முன்னோட்ட எபிசோடைப் படமாக்கியபோது லூசில் ஐந்து மாதக் கர்ப்பிணி; கதையில் அதற்கு இடம் இல்லாததால் தளர்வான உடைகளுக்குள் வயிற்றை மறைத்துக்கொண்டு நடித்தார். அந்த வயிற்றில் இருந்தவர் லூசி. 1951 ஜூலை 17 அன்று அவர் பிறந்து மூன்று மாதம் முடிவதற்குள் தொடர் ஒளிபரப்புக்கு வந்துவிட்டது. அடுத்த பிள்ளைக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். லூசில் மீண்டும் கருவுற்றபோது அதைக் கதையிலேயே சேர்த்துவிட முடிவு செய்தார்கள். ‘கர்ப்பம்’ என்ற சொல்லை ஒளிபரப்பில் உச்சரிக்கக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்த காலம் அது. கத்தோலிக்கப் பாதிரியார், புரொட்டஸ்டன்ட் போதகர், யூத மதகுரு ஆகிய மூவரிடமும் வசனங்களைக் காட்டி ஒப்புதல் பெற்றார்கள். 1953 ஜனவரி 19 அன்று காலை, முன்பே நாள் குறிக்கப்பட்ட அறுவைச் சிகிச்சையில் டெசி ஜூனியர் பிறந்தார். அன்று இரவே கதையில், லூசில் ஏற்ற லூசி ரிக்கார்டோ என்ற பாத்திரத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதை ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் நடந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்த ஏப்ரலில் நாடு முழுவதற்குமாக வெளிவந்த ‘டிவி கைட்’ இதழின் முதல் அட்டையிலும் அந்தக் கைக்குழந்தையின் முகம்தான். மறைக்கப்பட்ட மகள், ஊரறிய வந்த மகன் என்ற இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் இந்த வட்டுகளைப் பார்த்தேன்.

பலரிடமும் உள்ள ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்லிவிடலாம். எனக்கே அது பல ஆண்டுகள் இருந்தது. ‘ஐ லவ் லூசி’யில் மேளம் வாசிக்கும் சிறுவன் ‘லிட்டில் ரிக்கி’ டெசி ஜூனியர் அல்லர். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் கீத் திபோடோ. தன் பிறப்பே ஒரு கதைக் குழந்தையின் பிறப்பாகக் கொண்டாடப்பட்டு, அந்தக் கதைக் குழந்தையாக வேறொரு சிறுவன் வளர்வதைப் பார்த்தபடி வளர்ந்த ஒரு பையன், 15 வயதில் முதன்முறையாகத் தாயின் திரை மகனாகவே வருகிறான் என்பது ‘ஹியர்ஸ் லூசி’யின் முதல் சீசனுக்கு ஒரு தனிப் பொருளைத் தருகிறது.

அந்த முதல் சீசனில் இருவருமே கற்றுக்குட்டிகள் என்பதை மறைத்துப் பயனில்லை. வசனத்தைச் சொல்லி முடித்ததும் சிரிப்பொலிக்காகக் காத்து நிற்பதும், அடுத்தவர் பேசும்போது கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பதும் கண்ணில் படுகின்றன. மூன்று கேமராக்கள், எதிரே அமர்ந்திருக்கும் உண்மையான பார்வையாளர்கள் என்ற முறையில் எடுக்கப்பட்ட தொடர் இது. நாடக மேடையில் நிற்பதைப் போன்ற அனுபவம். தாய் அந்த முறையில் பதினேழு ஆண்டுப் பழக்கம் உள்ளவர், பிள்ளைகள் அன்றுதான் வந்தவர்கள். ஆனால் இசை வரும் இடங்களில் டெசி ஜூனியர் வேறு ஆளாகிவிடுகிறார். அது இயல்பே, ஏனெனில் பாடகர் டீன் மார்ட்டினின் மகனோடும் இன்னொரு நண்பனோடும் சேர்ந்து ‘டினோ, டெசி அண்ட் பில்லி’ என்ற இசைக்குழுவில் மேளம் வாசித்து, 12 வயதில், 1965-ல், அமெரிக்க இசைப் பட்டியலின் முதல் இருபதுக்குள் ஒரு பாடலைக் கொண்டுபோனவர் அவர்.

மூன்றாம் சீசனில், ஜாஸ் உலகின் மாபெரும் மேளக் கலைஞர் பட்டி ரிச் விருந்தினராக வரும் எபிசோடைத்தான் அவரது பங்களிப்பின் உச்சமாக நான் கருதுகிறேன். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை: கிரெய்க் ஒரு மேளப் போட்டியில் கலந்துகொள்ள விரும்புகிறான், தாய் எப்படியோ பட்டி ரிச்சையே அவனுக்கு ஆசானாகப் பிடித்துத் தருகிறார். இருவரும் எதிரெதிரே மேளங்களோடு அமர்ந்து ஒருவருக்கொருவர் விடை சொல்வதைப் போல வாசிக்கும் இடத்தில் நடிப்பு என்பதே மறைந்துவிடுகிறது. 17 வயதுப் பையன் அந்தப் பெரிய மனிதரின் கைகளை விட்டுப் பார்வையை எடுப்பதில்லை. அவர் ஒரு அடியைச் சற்றுத் தள்ளிப் போட்டால் இவன் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்து போகிறது. முதல் சீசனில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற அதே பையன்தான் இவன். அந்தச் சில நிமிடங்களை நான் மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

இரண்டாம் சீசனில் பட்டி ஆண்ட்ரூஸ் விருந்தினராக வரும் எபிசோடும் இதே காரணத்துக்காகத் தவறவிடக்கூடாதது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புகழ்பெற்றிருந்த பாடகிகளான ஆண்ட்ரூஸ் சகோதரிகள் மூவரில் ஒருவரான அவரே நேரில் வந்து நிற்க, மற்ற இரு சகோதரிகளாகத் தாயும் மகளும் வேடமிடுகிறார்கள். டெசி ஜூனியர் பாடகர் பிங் கிராஸ்பியாக வருகிறார். தாயின் முகம் எப்போதும்போலப் பார்வையாளர்களை நோக்கியே இருக்கிறது. மகளின் பார்வையோ அடிக்கடி பக்கவாட்டில் திரும்பித் தாயின் கால்களைத் தொட்டு மீள்கிறது. அடியைத் தவறவிடக்கூடாது என்ற கவலை அது. பயிற்சி பெறும் ஒருவரின் பார்வையை இவ்வளவு நேராகப் பதிவு செய்துள்ள நகைச்சுவைத் தொடர்கள் குறைவு.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. ஒவ்வொரு வாரமும் ஒரு பெரிய நட்சத்திரம் வந்து போக வேண்டும் என்ற கட்டாயத்தில் கதைகள் நலிந்துபோகின்றன. தொடரிலேயே மிகுந்த புகழ்பெற்றது 1970 செப்டம்பரில் மூன்றாம் சீசனைத் தொடங்கிவைத்த, ரிச்சர்ட் பர்ட்டனும் எலிசபெத் டெய்லரும் வரும் எபிசோடுதான். டெய்லரின் 69 காரட் வைரம் பதித்த மோதிரம் லூசி கார்ட்டரின் விரலில் மாட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் போகிறது. விருந்தினர்களுக்கு முன் டெய்லர் நிற்க, திரைக்குப் பின்னால் இருந்து லூசி கார்ட்டரின் கை மட்டும் நீண்டு டெய்லரின் கையாக நடிக்கிறது. சிரிக்காமல் பார்க்க முடியாத காட்சி. ஆனால் கிம்முக்கும் கிரெய்குக்கும் அதில் வேலையே இல்லை. நட்சத்திரம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்குப் பிள்ளைகள் ஓரம் தள்ளப்படுகிறார்கள் என்பதைத் தொகுப்பு முழுவதும் காணலாம். அந்த ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சித் தரவரிசையில் தொடர் மூன்றாம் இடத்தைப் பிடித்தது என்பதால் தயாரிப்பாளர்கள் அந்த வழியை விட்டு விலகவும் இல்லை.

இரண்டாம் சீசனின் தொடக்கத்தில் கொலராடோவிலுள்ள விமானப்படைக் கல்விக்கழகத்திலும் ஆற்றிலும் வெளிப்புறப் படப்பிடிப்பு நடத்திய எபிசோடுகள் கண்ணுக்குக் குளிர்ச்சியானவை; குடும்பம் முழுவதும் படகில் ஆற்றின் வேகத்தோடு போராடுவதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் உற்சாகம் நடிப்பாகத் தெரியவில்லை. ஆனால் அதே வரிசையில், அமெரிக்கப் பழங்குடித் தலைவர் ஒருவரை லூசி கார்ட்டர் அறியாமல் மணந்துகொள்வதாக வரும் எபிசோடில் அந்த மக்கள் சித்திரிக்கப்படும் விதம் இன்று பார்க்கையில் மனத்தை உறுத்துகிறது. பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லி வைப்பது அல்லது தாண்டிச் செல்வது நல்லது.

இன்னொன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. கதையில் கிம்முக்கும் கிரெய்குக்கும் தந்தை இல்லை, இறந்துவிட்டார். உண்மையில் லூசிலும் டெசி ஆர்னாஸும் 1960-ல் மணமுறிவு பெற்றவர்கள்; இந்தத் தொடர் ஓடிய ஆண்டுகளில் டெசி ஆர்னாஸ் உயிரோடு இருந்தார், 1986 டிசம்பர் வரை வாழ்ந்தார். மணமுறிவு பெற்ற தாயை நகைச்சுவைத் தொடரின் நாயகியாக்க அன்றைய தொலைக்காட்சி தயங்கியது, அதனால் கைம்பெண் பாத்திரம் வசதியாக இருந்தது. ஆனாலும் தந்தையின் பெயரைத் தாங்கிய மகன், வாரந்தோறும் தந்தையை இழந்தவனாக நடிக்க வேண்டியிருந்தது. டெசி ஜூனியர் மேளத்தின் முன் அமரும் ஒவ்வொரு முறையும், கியூபாவிலிருந்து வந்து இசைக்குழு நடத்தி முன்னுக்கு வந்த அந்தத் தந்தைதான் நினைவுக்கு வருகிறார். கதை மறைத்த மனிதரை மகனின் கைகள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

மூன்று சீசன்களோடு டெசி ஜூனியர் விலகித் திரைப்படங்களுக்குப் போனார். உடனடியாகவே, சிறந்த புதுமுகத்துக்கான கோல்டன் குளோப் விருதையும் பெற்றார். அவர் போனது தொடருக்கு இழப்பு என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. அக்கா, தம்பி என்று இரட்டையாக எழுதப்பட்ட வசனங்களில் பாதியை மட்டுமே பேசிக்கொண்டிருந்த லூசிக்கு நான்காம் சீசனிலிருந்து முழு வசனம் கிடைக்கிறது. அந்தச் சீசனின் இறுதியில், 1972-ன் தொடக்கத்தில், கிம் தாய் வீட்டை விட்டு வெளியேறித் தனியாகக் குடியேறும் எபிசோடு வருகிறது. அவளை நாயகியாகக் கொண்டு தனித் தொடர் ஒன்றைத் தொடங்கும் நோக்கத்தில் எடுக்கப்பட்ட முன்னோட்டம் அது. அந்தத் தொடர் பிறக்கவில்லை. பார்த்துவிட்டு, பிறந்திருக்கலாமே என்று வருந்தினேன். லூசி தாயைப் போல முகத்தைக் கோணுவதில்லை, கண்களை உருட்டுவதில்லை. எதிரில் இருப்பவர் சொல்வதை உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டு, அரை நொடி தாமதித்து, தாழ்ந்த குரலில் விடை சொல்கிறார். சிரிப்பு அந்த அரை நொடியில்தான் பிறக்கிறது. அது தாயிடம் கற்ற வித்தை அன்று, அவரே கண்டுகொண்டது.

அதே 1972 ஜனவரியில் கொலராடோவில் பனிச்சறுக்கு மலையில் ஏற்பட்ட விபத்தில் லூசிலின் கால் முறிந்தது. நடிப்பை நிறுத்துவதற்குப் பதிலாக, லூசி கார்ட்டருக்கும் கால் முறிந்ததாகக் கதையை மாற்றி, உண்மையான மாவுக்கட்டோடு ஐந்தாம் சீசனைத் தொடங்கினார்கள். வாழ்நாள் முழுவதும் விழுந்தும் ஓடியும் ஏறியும் சிரிக்கவைத்த ஒரு நடிகை நாற்காலியில் கட்டுண்டு கிடக்க, ஓடியாடும் வேலை மகளின் பங்குக்கு வந்து சேர்கிறது. தட்டை ஏந்தி வருவது, கதவைத் திறந்து மூடுவது, ஹாரி பெரியப்பாவோடு மல்லுக்கு நிற்பது என்று எல்லாவற்றையும் 21 வயது லூசி செய்கிறார். தாய் நாற்காலியில் அமர்ந்தபடி அவரைப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் கிம்மைப் பார்க்கும் லூசி கார்ட்டரை என்னால் காண முடியவில்லை. மகளைப் பார்க்கும் லூசில்தான் தெரிந்தார். தொகுப்பில் ஒரே ஒரு சீசனை மட்டும் வாங்க முடியும் என்பவர்களுக்கு, எழுத்து சற்று மெலிந்திருந்தாலும், நான் இந்த ஐந்தாவதையே பரிந்துரைப்பேன்.

ஆறாம் சீசனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. களைப்பு எல்லோரிடமும் தெரிகிறது, லூசியைத் தவிர.

வட்டுகளின் தரத்துக்கு வருவோம். தொடர் வீடியோ நாடாவில் அன்றி 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுக்கப்பட்டதால், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தையது என்று சொல்ல முடியாத அளவுக்குப் படம் துல்லியமாக இருக்கிறது; லூசிலின் செந்நிறக் கூந்தலும் அந்தக் காலத்து உடைகளின் ஆரஞ்சும் பச்சையும் மங்காமல் வருகின்றன. ஒலியில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தமிழில் துணைவசனம் கிடையாது என்பதால், விரைந்து பேசும் அமெரிக்க ஆங்கிலத்தைக் காதால் பிடிக்கப் பழகியவர்களுக்கே இது முழுமையாகப் பயன்படும். உடல்மொழியை நம்பிய காட்சிகளுக்கு மொழி தடையாக இருக்காது. சீசன்கள் தனித்தனியாகவும் வெளிவந்துள்ளன. தொகுப்பு அமெரிக்கச் சந்தைக்கானது, எனவே உங்கள் கருவி அந்த மண்டலத்து வட்டுகளைப் படிக்குமா என்று வாங்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். நான் ஐந்தாம் சீசனைப் பழைய வட்டுகள் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். ‘புதியது போன்றது’ என்று சொல்லப்பட்ட அந்த வட்டுகளில் ஒன்றில் கீறல் இருந்ததால் ஓர் எபிசோடு பாதியில் நின்றுபோயிற்று. மாற்றித் தர இரண்டு வாரங்கள் ஆயின. இந்தத் தொகுப்பைப் பொறுத்தவரை கூடுதலாகக் கொடுத்தாலும் பிரிக்கப்படாத பெட்டியை வாங்குவதே மேல்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. பெற்றோர் இருவரும் மறைந்த பிறகு, வீட்டில் எடுக்கப்பட்ட பழைய படச்சுருள்களைக் கொண்டு லூசியும் அவர் கணவர் லாரன்ஸ் லக்கின்பில்லும் உருவாக்கி, 1993-ல் என்பிசியில் ஒளிபரப்பாகி எம்மி விருது பெற்ற ‘லூசி அண்ட் டெசி: எ ஹோம் மூவி’ என்ற ஆவணப்படம் அது. தந்தையின் குடிப்பழக்கத்தையும் தாயின் கடுமையையும் மகள் ஒளிக்காமல் பேசுகிறார். ஆனால் எங்கும் குற்றம் சாட்டுவதில்லை. நீச்சல் குளத்தருகே ஓடும் இரண்டு சிறு பிள்ளைகளை அதில் பார்த்துவிட்டு, உடனே ‘ஹியர்ஸ் லூசி’யின் முதல் வட்டைப் போட்டால், அந்த வரவேற்பறை அரங்கம் வேறு மாதிரித் தோன்றும்.

தொடர் முடிந்த பிறகு லூசி போன இடம் நாடக மேடை. 1979-ல் பிராட்வேயில் ‘தேர் பிளேயிங் அவர் சாங்’ இசை நாடகத்தின் நாயகியாகி விருது பெற்றார். டெசி ஜூனியர் 1992-ல் வெளியான ‘தி மாம்போ கிங்ஸ்’ திரைப்படத்தில் தன் தந்தையாகவே நடித்தார். பின்னர் நெவாடாவின் போல்டர் சிட்டியில் பழைய திரையரங்கு ஒன்றை வாங்கிப் புதுப்பித்து, பாலே நாட்டியக் குழுவுக்கு அரங்கமாக்கினார்.

வாங்குபவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் மூன்றாம் சீசனின் பட்டி ரிச் எபிசோடு, அடுத்து இரண்டாம் சீசனின் பட்டி ஆண்ட்ரூஸ் எபிசோடு, பிறகு நான்காம் சீசனின் இறுதி, அதன்பின் மாவுக்கட்டோடு தொடங்கும் ஐந்தாம் சீசன் முழுவதும். பர்ட்டன், டெய்லர் எபிசோடை வீட்டுக்கு விருந்தினர் வரும் நாளுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.